புதியவர் கையில் முதலில் எதைக் கொடுப்பது? தபால்தலை சேகரிப்பைத் தொடங்கிவைக்க யோசனை தேவை

அடையாறுவாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்ககத்தில் ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் பதினைந்து பேர் இருக்கிறார்கள். விடுமுறையில் அவர்களுக்குத் தபால்தலை சேகரிப்பைப் பழக்கித் தருகிறேன் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நானாகவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். என் தந்தையார் சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பல்காரர்களிடம் கேட்டு வாங்கியும், அலுவலகக் குப்பைக்கூடைகளில் கிடந்த உறைகளிலிருந்து எடுத்தும் அவர் சேர்த்துவைத்த ஏழு ஏடுகள் என்னிடம் இருக்கின்றன.

முதல் சனிக்கிழமை பொதுக்கூடத்தில் அந்த ஏழு ஏடுகளையும் மேசைமேல் பரப்பினேன். ரோலண்ட் ஹில்லின் முயற்சியால் 1840இல் பிரிட்டனில் வந்த உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக், 1852இல் சிந்து மாகாணத்தில் ஆசியாவிலேயே முதலாவதாக வெளிவந்த சிந்து டாக், 1854ஆம் ஆண்டின் நாலணா இந்தியத் தபால்தலையில் அரசியின் முகம் தலைகீழாக அச்சாகிப்போன கதை என்று முக்கால் மணி நேரம் பேசினேன். முடித்ததும் ஒரு பையன், "அங்கிள், இதில் எது ரொம்ப விலை?" என்று கேட்டான். இந்த ஏடுகளில் உள்ளவற்றில் பெரும்பாலானவை ஐந்து ரூபாய்க்குக்கூடப் போகாது என்று உண்மையைச் சொன்னேன். "அப்புறம் எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அடுத்த வாரம் இரண்டே பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவன் தாயாரின் கட்டாயத்தால் வந்தவன். புதியவர்களை இதில் ஈர்ப்பதற்கு நான் எங்கே தவறினேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மயிலைச் சட்டி:

ஐயா, இதே பிழையை நானும் ஒருமுறைக்கு இருமுறை செய்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஏடு என்பது வேறொருவர் செய்து முடித்துவிட்ட வேலை. அதைப் பார்க்கும் பிள்ளைக்கு அதில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. தங்கள் தந்தையார் குப்பைக்கூடையைக் கிளறியபோது அடைந்த மகிழ்ச்சி இருக்கிறதே, அதில் ஒரு துளியாவது பிள்ளைக்குக் கிடைத்தால்தான் அது மறுபடி வரும்.

எனக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது அரிசி களையும் ஓர் அலுமினியச் சட்டியில். வங்கியில் வேலை பார்த்த என் மாமா, உறைகளின் மூலைகளை வெட்டி ஒரு மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்து, "பிரிச்சு வை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் அவர் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பை தீர ஒரு கோடை விடுமுறை ஆயிற்று.

ஆகவே, ஏடுகளை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். தெரிந்த அலுவலகங்களிலோ பழைய சேகரிப்பாளர்களிடமோ சொல்லிவைத்து, பிரிக்கப்படாத வெட்டுத்துண்டுகள் அரைக் கிலோ வாங்குங்கள். தலையைச் சுற்றி விரற்கடை அளவு காகிதம் இருக்க வேண்டும். தலையின் ஓரப் பல்லை ஒட்டி வெட்டியது குப்பைக்குத்தான் போகும். அகலமான தட்டுகளில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, படம் மேலே தெரியும்படி துண்டுகளை மிதக்க விடுங்கள். கால் மணி நேரத்தில் பசை இளகி, தலை தானாக நழுவிக் காகிதத்தை விட்டு விலகும். அந்த நழுவலை விரல்நுனியில் முதன்முறை உணரும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு உரிப்பவர்களைத் தடுக்காதீர்கள். இரண்டு கிழிந்தால் மூன்றாவதற்குப் பொறுமை தானாக வந்துவிடும். சிவப்பு, காவி நிற உறைத் துண்டுகளை மட்டும் தனித் தட்டில் போடுங்கள். இல்லையெனில் சாயம் இறங்கி மற்றவையும் ரோஸ் நிறமாகிவிடும்.

பிறகு பின்புறத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வழவழப்பு இருந்தால் பசை இன்னும் இருக்கிறது என்று பொருள்; அப்படியே உலர்த்தினால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அச்சில்லாத வெள்ளைத் தாளில் கவிழ்த்துப் போட்டு உலர்த்தி, அப்பளம்போல் சுருண்டவற்றைக் கனமான புத்தகத்துக்கு அடியில் ஓரிரவு வைத்தால் போதும்.

பிரித்து அடுக்கும்போது கேள்விகள் தாமாக எழும். 'ஹெல்வெஷியா' எந்த நாடு, 'மாகியார் போஸ்டா' எந்த நாடு, 'சுவோமி' என்றால் என்ன என்று கேட்பார்கள். சுவிட்சர்லாந்து, ஹங்கேரி, பின்லாந்து என்று உடனே சொல்லிவிடாதீர்கள், ஐயா. உலகப்படத்தையும் ஓர் அகராதியையும் மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். அரசியின் முகம் மட்டும் இருந்து நாட்டின் பெயரே இல்லாத தபால்தலை ஒன்று கட்டாயம் வரும். தபால்தலையை முதலில் வெளியிட்ட நாடு என்பதால் பிரிட்டன் மட்டும் பெயர் போடுவதில்லை என்பதை அவர்களே கண்டுபிடித்துவிட்டு உங்களிடம் வந்து பெருமையடிப்பார்கள்.

அண்ணாசாலைப் பக்கம்:

தட்டும் தண்ணீரும் சரிதான். ஆனால், முறையான வழி ஒன்று இருப்பதையும் சொல்ல வேண்டும். அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் உள்ள தபால்தலைப் பிரிவுக்குப் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். புதிய வெளியீடுகள் தலையில் அச்சிட்ட விலைக்கே கிடைக்கும்; வெளியான நாளின் முத்திரை குத்திய முதல் நாள் உறைகளும் சிறப்பு உறைகளும் அங்கே உண்டு. 200 ரூபாய் வைப்புத்தொகையில் தபால்தலை வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினால், கேட்ட வகைத் தலைகளை வீட்டுக்கே அனுப்பிவைப்பார்கள்.

பெற்றோர் காதில் போடத்தக்க இன்னொரு செய்தி: தீன தயாள் ஸ்பர்ஷ் என்ற உதவித்தொகைத் திட்டத்தை அஞ்சல் துறை 2017இல் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கப்படும். நாடு முழுவதற்குமாக 920 பேர். அதாவது ஒவ்வோர் அஞ்சல் வட்டத்திலும் வகுப்புக்குப் பத்துப் பேர் வீதம் நாற்பது பேர். விண்ணப்பிக்கும் பிள்ளை பள்ளியின் தபால்தலை மன்றத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது மேற்சொன்ன வைப்புக் கணக்கை வைத்திருக்க வேண்டும். எழுத்து வினாடிவினாவும் செயல்திட்டமும் உண்டு. "எதற்கு இது?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

பெரம்பூர் லென்ஸ்:

மேலே எழுதிய நண்பர்மீது மதிப்பு உண்டு. எனினும் முதல் அடியாக வைப்புக் கணக்கைச் சொல்வதை ஏற்க இயலவில்லை. மாதந்தோறும் வீட்டுக்கு வரும் உறையைப் பிரித்து, அப்படியே ஏட்டில் செருகிவைப்பவர் சந்தாதாரர் ஆவாரே தவிர, சேகரிப்பாளர் ஆக மாட்டார். எதை விடலாம், எதைத் தேடலாம் என்று முடிவெடுக்கும் வேலையை அந்த உறை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது. உதவித்தொகை நல்ல திட்டம்தான். ஆனால் அதற்காகவே சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பில் ஏட்டை மூடிவிடுவான்.

பணத்தைப் பற்றிப் பையன் கேட்ட கேள்விக்கு அடையாறு நண்பர் சொன்ன பதில் நேர்மையானது. அதை மாற்றிக்கொள்ள வேண்டாம். 1948 ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவையொட்டி வெளிவந்த காந்தியடிகள் தலைகள் நான்கைச் சுவிட்சர்லாந்தில் போட்டோகிரேவர் முறையில் அச்சிட்டார்கள். ஒன்றரையணா, மூன்றரையணா, பன்னிரண்டணா, பத்து ரூபாய் என்ற அந்த நான்கில் பத்து ரூபாய்த் தலைக்குத்தான் எல்லோரும் ஏங்குவார்கள். இருபத்தைந்து வயதில் முதல் சம்பளச் சேமிப்பைக் கொண்டு அதை ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தால், அடிகளின் கன்னத்தில் இன்றைய வண்ண ஆப்செட் அச்சின் புள்ளிகள் நீலமும் மஞ்சளும் சிவப்புமாகத் தெளிவாகத் தெரிந்தன. இரண்டு நிற மையில் அச்சான தலையில் மஞ்சளுக்கு என்ன வேலை? திருப்பிக் கொடுக்கப் போனபோது, "உங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை" என்றார்கள். அந்தக் கடையின் பெயரை இங்கே இழுக்க விரும்பவில்லை. கடை இப்போது இல்லை. போலி இன்னும் என்னிடம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு லென்ஸ் பிடிக்கக் கற்றுக்கொடுக்க அதைத்தான் கையில் கொடுக்கிறேன். வாங்கிய விலைக்கு இப்படியாவது உழைக்கட்டும்.

மிகச் சிறிய தொகையில் தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். ஓர் இடுக்கி, ஒரு லென்ஸ், தலைகளைச் செருகிவைக்கச் சிறிய ஸ்டாக் புக் ஒன்று. முதல் ஓராண்டுக்கு இவற்றுக்கு மேல் எதையும் காசு கொடுத்து வாங்கக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

திருவல்லிக்கேணி ஆசிரியை:

பெரம்பூர் ஐயா சொன்னது முற்றிலும் சரி. நான் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் சமூக அறிவியல் நடத்துகிறேன். என் மாணவிகளிடம் இடுக்கிக்கும் காசு கிடையாது. புருவம் திருத்தும் இடுக்கியின் கூர்முனையைத் தேய்த்து மழுக்கிக்கொண்டோம்.

வகுப்பில் நான் கொடுக்கும் முதல் பயிற்சி இதுதான். ஆண்டு அச்சிடப்படாத பழைய இந்தியத் தலைகள் இருபதைக் கலந்துவைத்து, எது மூத்தது, எது இளையது என்று வரிசைப்படுத்தச் சொல்வேன். துப்பு விலையில் இருக்கிறது. அணா என்றிருந்தால் 1957 ஏப்ரல் 1க்கு முந்தைய கணக்கு. அன்று தசம நாணயம் வந்து 'நயா பைசா' பிறந்தது. தலைகளில் அதன் சுருக்கம் இருக்கும். 1964இல் 'நயா' உதிர்ந்து வெறும் பைசா ஆயிற்று. இந்த மூன்று படிகளைச் சொன்னால் போதும். முப்பது நிமிடம் வகுப்பில் சத்தமே இருக்காது.

அதன்பின் தமிழ் முகங்களைத் தேடச் சொல்வேன். திருவள்ளுவர் 1960 பிப்ரவரியில், பாரதியார் அதே ஆண்டு செப்டம்பர் 11இல், கணிதமேதை ராமானுஜன் 1962 டிசம்பர் 22இல். மூன்றும் 15 நயா பைசாதான். ஏன் மூன்றுக்கும் ஒரே விலை என்ற கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் ஒருத்தி தன் பாட்டனாரையும், இன்னொருத்தி தெருமுனை அஞ்சலகத்தில் இருந்த ஊழியரையும் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். வ.உ.சி. (1972), காமராசர் (1976), பெரியார் (1978) என்று அந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். எதைப் பிடித்தாலும் ஒரு காலகட்டம் முழுவதும் கூடவே வரும்.

அடையாறு ஐயா, உங்கள் தந்தையார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்கிறீர்கள். ராமானுஜன் 1912இல் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்ததும் அதே சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில்தான். அந்தத் தலை உங்கள் ஏழு ஏடுகளில் எங்காவது இருந்தால், அந்தப் பையனுக்கு அதைத் தனியாக எடுத்துக் காட்டுங்கள். ஏடு முழுவதும் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. பணத்தின் பெயர்களைத் தமிழில் தேடுவது வளர்ந்த பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். பிரெஞ்சிந்தியத் தலைகளில் 1923 முதல் 'காஷ்', 'ஃபனோன்' என்ற பிரிவுகள் வருகின்றன. 24 காஷ் ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் நம் காசும் பணமும்தான் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நிற்கின்றன. திருவிதாங்கூர்த் தலைகளில் சங்கு இருக்கும், விலை சக்கரத்தில் இருக்கும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். 1956 வரை கன்னியாகுமரிப் பக்கம் திருவிதாங்கூரோடு இருந்ததால், நாகர்கோவில்காரர்களின் பழைய பெட்டிகளில் அவை இன்னும் கிடைக்கின்றன. அந்தச் சமஸ்தானத்துத் தபாலுக்குப் பெயரே 'அஞ்சல்' என்பதுதான்.

மாம்பலம் முத்திரை:

மயிலை ஐயா மன்னிக்க வேண்டும். அந்தச் சட்டியை நினைத்தாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது. தலையைக் கழற்றுவதற்கு முன்னால், கழற்றத்தான் வேண்டுமா என்று கேட்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்தாவிட்டால், பிள்ளைகள் பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். நான் போட்டேன். எங்கள் பெரியப்பா பர்மாவிலிருந்து எழுதிய உறைகளின் மூலைகளை, பத்து வயதில், கத்தரிக்கோலால் நறுக்கிச் சட்டியில் மிதக்கவிட்டவன் நான்தான். தலைகள் இன்றும் இருக்கின்றன. நூற்றுக்கணக்கில் கிடைக்கும் சாதாரணத் தலைகள். எந்த ஊரில், எந்த நாளில், எந்த வழியாக வந்தது என்று சொல்லியிருக்கக்கூடிய உறைகள் அடுப்புக்குப் போய்விட்டன.

என்னிடமுள்ள ஓர் உறையைச் சொல்கிறேன். சாதாரண வெள்ளை உறை, ஓரம் பழுத்திருக்கிறது. முகவரியில் தியாகராய நகர்த் தெரு ஒன்றின் பெயர், கீழே 'மதராஸ்-17'. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இல்லை. 1972 ஆகஸ்ட் 15இல்தான் அது வந்தது, 17 என்பது 600 017 ஆயிற்று. வழக்கமான தலையின் பக்கத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் போட்ட ஐந்து பைசாத் தலை ஒன்று. அதன்மேல் 'அகதிகள் நிவாரணம்' என்று ஆங்கிலத்தில் மேலச்சு. வங்கதேசப் போரின்போது வந்து குவிந்த அகதிகளுக்காக 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் இறுதி வரை ஒவ்வொரு கடிதத்துக்கும் ஐந்து பைசா கூடுதலாக வாங்கினார்கள். தனியாக அச்சிட்ட தலை வந்து சேரும்வரை, கையிருப்பிலிருந்த தலையில் மேலச்சிட்டுச் சமாளித்தார்கள். மாம்பலத்தில் யாரோ ஒருவர் தன் தங்கைக்குப் பிரசவம் எப்போது என்று கேட்டு எழுதிய கடிதத்தில் ஒரு போரின் கணக்கு ஒட்டியிருக்கிறது. அந்தத் தலையைக் கழுவி எடுத்தால் ஐந்து பைசாத் தலை ஒன்று கிடைக்கும். அவ்வளவுதான்.

அஞ்சலக முத்திரைகளை மட்டும் சேர்ப்பதற்கு ஒரு காசும் ஆகாது. திருவல்லிக்கேணிக்கு 5, மயிலாப்பூருக்கு 4, பெரம்பூருக்கு 11, அடையாற்றுக்கு 20 என்று சென்னையின் பழைய அஞ்சல் எண்களை வரைபடத்தில் ஒட்டிக்கொண்டு, எண்ணுக்கு ஒரு முத்திரை என்று தேடச் சொன்னால், விடுமுறை முடிவதற்குள் பிள்ளைகளுக்கு ஊரே தெரிந்துவிடும். 'மதராஸ்' எந்த ஆண்டு 'சென்னை' ஆயிற்று என்று பாடப்புத்தகம் 1996 எனச் சொல்லும். முத்திரைகளில் எந்த அஞ்சலகம் எப்போது மாறியது என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும். பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், பழைய பதிவுத் தபால் உறைகளும் இனிப் புதிதாக வராது. வக்கீல் நோட்டீஸ் வந்த உறையானாலும் எறியாதீர்கள்.

மயிலைச் சட்டி:

மாம்பலத்தாரின் கோபம் நியாயமானது. என் சட்டியில் போட வேண்டியவை ஏற்கெனவே மூலை வெட்டப்பட்டு வந்த துண்டுகள் மட்டுமே என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். முழு உறை கையில் கிடைத்தால் கத்தரிக்கோலை ஒளித்துவைத்துவிடுங்கள். ஆனாலும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முதல் நாளில் தண்ணீரைத்தான் கொடுப்பேன். முத்திரை படிக்கும் பொறுமை அந்த ஈரக் கையின் வழியாகத்தான் வரும்.

வேளச்சேரி மாணவி:

இங்குள்ள பெரியவர்கள் எல்லோரும் பிள்ளைகளைப் பற்றியே எழுதுகிறீர்கள். பத்தொன்பது வயதில் இதற்குள் வந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். புதியவர்கள் வராமல் இல்லை, வந்தபின் நிற்பதில்லை. அதற்குக் காரணம் சில நேரங்களில் நாம்தான்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது வேறோர் ஊரில் நடந்த கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு சட்டகத்தின் முன்னால் நின்று, இரண்டு தலைகளும் ஒரே படமாக இருக்கும்போது ஏன் இரண்டையும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அதை வைத்திருந்தவர், "இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா, அந்தப் பக்கம் பூ, பட்டாம்பூச்சி எல்லாம் இருக்கு, போய்ப் பாரு" என்றார். ஒன்றில் இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை ஓரத்துளை, மற்றொன்றில் எத்தனை என்று அவர் சொல்லியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்தத் துளைகளை அளக்கும் துளைமானியைப் பற்றி ஆறு மாதம் கழித்து நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

என்னை இதில் நிறுத்திவைத்தது தமிழ் எழுத்து. இலங்கைத் தலைகளில் 'இலங்கை' என்று நம் எழுத்திலேயே அச்சிட்டிருப்பதை ஒரு பழைய புத்தகக் கடையில் தற்செயலாகப் பார்த்தேன். அன்றிலிருந்து தமிழ் எழுத்து உள்ள தலைகளை மட்டும் சேர்க்கிறேன். நான்கு பக்கம்தான் ஆகியிருக்கிறது. ஆனால், அந்த நான்கு பக்கத்தைப் பற்றி யார் கேட்டாலும் என்னால் பேச முடியும். 'உலகம் முழுவதும்' என்று தொடங்கிய என் தோழிகள் இரண்டே மாதத்தில் மூச்சுமுட்டி விட்டுவிட்டார்கள். பரப்பைக் குறுக்கிக்கொள்ளச் சொல்வதே புதியவருக்கு நாம் செய்யும் பெரிய உதவி. அதை நாம் தேர்ந்தெடுத்துக் கொடுக்காமல், குவியலைத் துழாவும்போது எதன்மேல் அவர் கை நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

அடுத்தது, தலை வேண்டுமென்றால் கடிதம் வர வேண்டும். கடிதம் வர வேண்டுமென்றால் நாம் எழுத வேண்டும். அஞ்சலட்டை இன்னும் 50 பைசாதான், இன்லண்ட் லெட்டர் 2.50 ரூபாய். நானும் திருநெல்வேலியிலுள்ள ஒரு தோழியும் மாதம் இருமுறை எழுதிக்கொள்கிறோம். உறையில் பெரிய தொகைக்கு ஒரே தலையை ஒட்டாமல் சின்னத் தொகைத் தலைகளாக ஒட்டுவது எங்கள் வழக்கம். முகப்பில் கொடுத்தால் பட்டைக்கோட்டுச் சீட்டை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள் என்பதால், தலையை வாங்கி நாங்களே ஒட்டி, முத்திரையைக் கொஞ்சம் தெளிவாகக் குத்தும்படி கேட்போம். முதல்முறை அந்த ஊழியர் விநோதமாகப் பார்த்தார். இப்போது என்னைக் கண்டாலே மைத்தட்டை நனைத்து வைக்கிறார்.

சைதை ஈரம்:

ஆர்வத்தை மூட்டுவது பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். சென்னைக் காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று வருகிறேன். பசையோடு கூடிய புதுத் தலைகள் இங்கே ஒரே மழைக்காலத்தில் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பழந்தாளில் பழுப்புப் புள்ளிகள் பூக்கும். ராமபாணப் பூச்சி ஓரத்தை அரித்துவிடும். ஆசையாகச் சேர்த்தது இப்படிப் போவதைப் பார்த்தே பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே, புதியவர்கள் பயன்படுத்திய தலைகளில் தொடங்குவது செலவுக்கு மட்டுமல்ல, நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ஏற்றது. ஸ்டாக் புக்கைப் படுக்கவைக்காமல் நிறுத்திவையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அந்தப் பாரத்திலேயே ஒட்டும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். மாதம் ஒருமுறை மின்விசிறிக் காற்றில் பக்கங்களைப் புரட்டுங்கள். செலோ டேப், பெவிகால், லேமினேஷன் மூன்றும் எதிரிகள். பள்ளிச் செயல்திட்டம் என்ற பெயரில் தாத்தாவின் தலைகளைச் சார்ட் தாளில் பெவிகாலால் ஒட்டிவிட்ட வீடுகளை நான் அறிவேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தட்டில் இருந்த என் இரண்டு ஏடுகள் நனைந்தன. பசையுள்ளவை ஒரே கட்டியாகிவிட்டன. பயன்படுத்திய தலைகளைத்தான் மயிலையார் சொன்னதுபோல் மீண்டும் தட்டிலிட்டுப் பிரித்து, மொட்டைமாடியில் நிழலில் உலர்த்தி மீட்டேன். அன்றிலிருந்து எல்லாம் மேல்தட்டில்.

அடையாறுவாசி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

மயிலையார் சொற்படி ஏடுகளைப் பூட்டிவிட்டேன். தாம்பரத்தில் ஒரு நண்பர் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த வெட்டுத்துண்டுப் பையையும், சமையலறையிலிருந்து நான்கு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு பொதுக்கூடத்துக்குப் போனேன். வழக்கமான இருவரோடு, தண்ணீர்ச் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தவர்கள் ஐவர். அடுத்த சனிக்கிழமை பதினொருவர் வந்தார்கள். சிவப்பு உறைத் துண்டுகளைத் தனியாகப் போடச் சொல்ல மறந்துவிட்டேன். நாற்பது தலைகள் ரோஸ் நிறமாகிவிட்டன. அவற்றைப் பிள்ளைகள் 'அங்கிள் ஸ்பெஷல்' என்று தனியாக அடுக்கியிருக்கிறார்கள்.

மாம்பலத்தாரின் எச்சரிக்கை சரியான நேரத்தில் உதவியது. மூன்றாவது மாடிச் சிறுமி தன் பாட்டியின் கடிதக் கட்டொன்றைத் தூக்கிக்கொண்டு நேராகத் தட்டை நோக்கி வந்தாள். கட்டை வாங்கி, ஓர் உறையை மட்டும் பிரித்து, முத்திரையை லென்ஸில் காட்டினேன். 'மதராஸ்-20' என்று படித்தாள். "அப்ப நம்ம அடையாறு!" என்று சொல்லிவிட்டு, கட்டு முழுவதையும் மார்போடு அணைத்துக்கொண்டு போனவள் அரை மணி நேரம் கழித்துப் பாட்டியோடு திரும்பி வந்தாள். எந்தக் கடிதம் யார் எழுதியது என்று பாட்டி சொல்லிக்கொண்டிருந்ததில் அன்றைய தட்டுகள் ஆறிப்போயின.

விலை கேட்ட பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் குவியலிலிருந்து எடுத்துவைத்துக்கொண்டது ஒரு ஹங்கேரித் தலை. ஒரு மூலை கிழிந்தது, எந்தக் கடையிலும் செல்லாது. அதன் முத்திரையில் ஊர்ப்பெயரின் கடைசி நான்கு எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. நல்ல நிலையிலுள்ள தலைகள் இரண்டைத் தருகிறேன், மாற்றிக்கொள் என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டபோது மறுத்துவிட்டான். ஹங்கேரி வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு அந்த நான்கு எழுத்தில் முடியும் ஊர்களைப் பட்டியலிடுகிறான். நேற்றுவரை ஒன்பது ஊர்கள்.

ஆசிரியை அம்மாவுக்கு: ராமானுஜன் தலை ஐந்தாவது ஏட்டில் இருந்தது, பெரிய முத்திரை விழுந்து நெற்றி மறைந்திருக்கிறது. வேளச்சேரித் தங்கைக்கு: அடுத்த சனிக்கிழமை துளைமானியோடு ஒரு மணி நேரம் வந்துபோக இயலுமா? ஒரே படமாக இருக்கும் இரண்டு தலைகளை எதற்கு வைத்துக்கொள்வது என்று இங்கேயும் ஒருத்தி கேட்கத் தொடங்கியிருக்கிறாள். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பை காலியாகப்போகிறது. யாரிடமாவது பிரிக்கப்படாத வெட்டுத்துண்டுகள் இருந்தால் தனிமடலில் தெரிவியுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். சிவப்பு உறை வேண்டாம்.